மொழியால் அளக்கப்பட்ட சுதந்திரம்: ஜி. சுப்பிரமணிய ஐயரின் இதழியல் வாழ்வும் நம்பகத்தன்மைச் சிக்கலும்

ஆய்வுச்சுருக்கம்

'தி இந்து', 'சுதேசமித்திரன்' ஆகிய இதழ்களைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவர் ஜி. சுப்பிரமணிய ஐயர் (1855–1916). அவருடைய வாழ்வை இதழின் நம்பகத்தன்மை, சார்பு, சுதந்திரம் என்னும் மூன்று கோணங்களில் இக்கட்டுரை அணுகுகிறது. அரசு, வாசகர், சட்டம் ஆகிய மூன்று தரப்பினரும் வெவ்வேறு காலங்களில் அவருடைய எழுத்துக்கு விலை கேட்டனர். ஆங்கிலத்தில் இருபது ஆண்டுகள் எழுதியபோது அவர்மீது பாயாத அரசுத்துரோகச் சட்டம், தமிழில் எழுதியபோது பாய்ந்தது. காலனிய ஆட்சியில் இதழ்ச் சுதந்திரம் கருத்தைக் கொண்டு மட்டுமன்றி, அக்கருத்து எழுதப்பட்ட மொழியையும் சென்று சேர்ந்த வாசகரையும் கொண்டு அளக்கப்பட்டது என்பதற்கு அவர் வாழ்வு சான்றாகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: ஜி. சுப்பிரமணிய ஐயர், சுதேசமித்திரன், தி இந்து, இதழ்ச் சுதந்திரம், அரசுத்துரோகச் சட்டம், தமிழ் இதழியல்.

முன்னுரை

தமிழ் இதழியல் வரலாற்றில் ஜி. சுப்பிரமணிய ஐயரின் பெயர் இரண்டு இடங்களில் தவறாது இடம்பெறுகிறது. ஒன்று, 'தி இந்து'வின் தோற்றம். மற்றொன்று, பாரதியார் இதழியலுக்குள் நுழைந்த கதை. முதலாவதில் அவர் அறுவருள் ஒருவராகவும், இரண்டாவதில் பாரதியை அழைத்துவந்தவராகவும் சுருங்கிவிடுகிறார். இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடைப்பட்ட காலத்தையும், 1908ஆம் ஆண்டுக் கைதுக்குப் பிந்தைய அவருடைய மௌனத்தையும் இணைத்து நோக்கும் முயற்சிகள் குறைவு.

அவருடைய வாழ்வை நோக்குவதில் ஒரு முறையியல் சிக்கலும் உண்டு. இந்திய மொழி இதழ்களில் வெளிவந்தவற்றுள் தமக்குக் கவலை தரத்தக்க பகுதிகளை மாகாண அரசு மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலத்தில் சுருக்கி, காலமுறைப்படி அறிக்கையாக்கி அலுவலர்களுக்குச் சுற்றுக்கு விட்டது. 'சுதேச இதழ்கள் பற்றிய அறிக்கை' என வழங்கும் இவ்வாவணங்களையே அக்கால இதழ்களை ஆராய்வோர் பெரிதும் சார்ந்திருக்கின்றனர். கண்காணிப்பவர் தெரிவுசெய்து, கண்காணிப்பவர் மொழியில் பெயர்த்த பகுதிகளே இதழாசிரியரின் குரலாக நம்மை வந்தடைகின்றன. எனவே இக்கட்டுரை மேற்கோள்களைத் தவிர்த்து, ஐயரின் செயல்களையும் அவற்றின் விளைவுகளையும் அடிப்படையாகக் கொள்கிறது.

ஆசிரியப் பணியிலிருந்து இதழுக்கு

சுப்பிரமணிய ஐயர் 1855ஆம் ஆண்டு சனவரியில், அன்று திருவாடி என வழங்கிய தஞ்சை மாவட்டத்துத் திருவையாற்றில் பிறந்தார். தந்தையார் கணபதி தீட்சிதர் உள்ளூர் முன்சீப் நீதிமன்றத்தில் வழக்குரைஞராக இருந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்த ஐயர், தஞ்சாவூரில் பயின்று, ஆசிரியப் பயிற்சிக்காகச் சென்னை வந்து, அங்கேயே பள்ளி ஆசிரியராகப் பணியேற்றார். பணியில் இருந்துகொண்டே தனித்தேர்வராக இளங்கலைப் பட்டமும் பெற்றார்.

அக்காலச் சென்னையில் ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞர்க்கு அரசுப் பணி, வழக்குரைஞர் தொழில், ஆசிரியப் பணி என்னும் மூன்று வழிகளே இருந்தன. இதழியல் என்பது பிழைப்புக்குரிய தொழிலாகக் கருதப்படவில்லை. திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தில் கூடி நாட்டு நடப்புகளை விவாதித்த இளைஞர் குழுவில் ஐயரும், அவர் நண்பரும் ஆசிரியருமான எம். வீரராகவாச்சாரியாரும் இருந்தனர். டி. டி. ரங்காச்சாரியார், பி. வி. ரங்காச்சாரியார், டி. கேசவராவ் பந்து, நியாபதி சுப்பாராவ் பந்துலு ஆகிய நால்வரும் சட்ட மாணவர்கள். இந்த அறுவர்க்கும் பேச இடம் இருந்தது. அச்சில் பேச இடம் இல்லை.

1878: ஒரே ஆண்டின் இரு நிகழ்வுகள்

1878ஆம் ஆண்டு தி. முத்துசாமி ஐயர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக அமர்த்தப்பட்டார். அப்பதவியைப் பெற்ற முதல் இந்தியர் அவர். ஐரோப்பியர் நடத்திய சென்னை ஆங்கில இதழ்கள் இந்த அமர்த்தலைக் கடுமையாக எதிர்த்தன. இந்தியர் ஒருவர் அத்தகைய பொறுப்புக்கு உரியவரா என்பதே அவை எழுப்பிய கேள்வியின் சாரம். அவற்றுக்கு மறுமொழி எழுத இந்தியர் கையில் செல்வாக்குள்ள ஆங்கில இதழ் எதுவும் சென்னையில் இல்லை. இக்குறையே 'தி இந்து'வின் பிறப்புக்கு உடனடிக் காரணமாயிற்று. 1878 செப்டம்பர் 20ஆம் நாள், கடனாகப் பெற்ற ஒன்றே முக்கால் ரூபாயைக் கொண்டு, தங்கசாலைத் தெருவில் இருந்த ஸ்ரீநிதி அச்சகத்தில் 80 படிகள் அச்சிடப்பட்டு அவ்வார இதழ் வெளிவந்தது. ஐயர் அதன் ஆசிரியரானார். அப்போது அவருக்கு வயது 23.

அதே ஆண்டு மார்ச்சில் வைசிராய் லிட்டன் பிரபு தாய்மொழி இதழ்ச் சட்டத்தைக் கொண்டுவந்திருந்தார். இந்திய மொழி இதழ்களின் அச்சிடுவோரிடமும் வெளியிடுவோரிடமும் பிணைமுறி கேட்கவும், அச்சகத்தைப் பறிமுதல் செய்யவும் இச்சட்டம் அலுவலர்க்கு அதிகாரம் அளித்தது. அவர்களின் முடிவை எதிர்த்து நீதிமன்றத்தில் முறையிட வழியில்லை. ஆங்கில இதழ்களுக்கு இச்சட்டம் பொருந்தவில்லை. கல்கத்தாவில் வங்காள மொழியிலும் வெளிவந்துகொண்டிருந்த 'அமிர்த பஜார் பத்திரிகா' இச்சட்டத்திலிருந்து தப்பும்பொருட்டு உடனடியாக முழு ஆங்கில இதழாக மாறியது.

சென்னை மாகாணத்துக்கு இச்சட்டம் நடைமுறையில் விரிவாக்கப்படவில்லை. எனவே 'தி இந்து' ஆங்கிலத்தில் தொடங்கப்பட்டதற்கு இச்சட்டமே காரணம் எனக் கொள்வது பொருந்தாது. ஆங்கிலத்தில் எழுதிய எதிராளிகளுக்கு ஆங்கிலத்தில் விடையளிக்க வேண்டிய தேவையே அங்குக் காரணம். ஆயினும் அச்சட்டம் ஓர் அரசியல் உண்மையை வெளிப்படையாக எழுதிவைத்தது. ஒரே கருத்து ஆங்கிலத்தில் கண்டனமாகவும் இந்திய மொழியில் ஆபத்தாகவும் கொள்ளப்படும் என்பதே அது. ரிப்பன் பிரபுவின் காலத்தில் சட்டம் நீக்கப்பட்டது. அதன் பின்னணியில் இருந்த எண்ணம் நீங்கவில்லை என்பதை ஐயர் முப்பது ஆண்டுகள் கழித்துத் தம் வாழ்வில் உணர நேர்ந்தது.

அரசின் முன் நம்பகத்தன்மை

சட்ட மாணவர் நால்வரும் சிறிது காலத்திலேயே தத்தம் தொழிலுக்குச் சென்றனர். ஐயர் ஆசிரியராகவும் வீரராகவாச்சாரியார் மேலாளராகவும் இதழைத் தொடர்ந்து நடத்தினர். வார இதழ் 1883இல் வாரம் மும்முறை வெளிவரும் இதழாயிற்று. 1889 ஏப்ரல் முதல் நாளிதழாயிற்று.

இவ்வளர்ச்சிக்கு வித்திட்டவற்றுள் 1882ஆம் ஆண்டுச் சேலம் கலவரச் செய்திகள் குறிப்பிடத்தக்கவை. ஊர்வலப் பாதையில் இருந்த பள்ளிவாசல் தொடர்பாக எழுந்த பூசல் கலவரமாக முற்றியது. சேலம் நகராட்சி உறுப்பினராக இருந்த சி. விஜயராகவாச்சாரியார் கலவரத்தைத் தூண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டுப் பத்தாண்டுத் தண்டனை பெற்றார். ஆளுநர் கிராண்ட் டஃப் தலைமையிலான அரசு இவ்வழக்கை நடத்திய முறையைத் 'தி இந்து' தொடர்ந்து வினவியது. பின்னர் உயர்நீதிமன்றம் விஜயராகவாச்சாரியாரை விடுதலை செய்தது. நகராட்சிப் பதவியிலிருந்து தம்மை நீக்கியதை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கிலும் வெற்றி பெற்றார். அரசின் கூற்றை நம்பாதது தவறன்று என்பதை நீதிமன்றமே மெய்ப்பித்ததால் இதழின் சொல்லுக்கு மதிப்பு உயர்ந்தது.

நம்பகத்தன்மை பற்றிய ஐயரின் புரிதலை இங்கே காணலாம். 'தி இந்து' எத்தரப்பையும் சாராத இதழாகத் தன்னை முன்னிறுத்தவில்லை. இந்தியர் தரப்பைச் சொல்வதற்கென்றே தோன்றிய இதழ் அது. தன் சார்பை அது மறைக்கவும் இல்லை. ஐரோப்பியர் இதழ்களோ தம் தரப்பையே பொதுக்கருத்தாக அச்சிட்டன. சார்பை அறிவித்துவிட்டு, அரசின் வருவாய், நீதி, வரவுசெலவு ஆவணங்களைக் கொண்டே அரசை வினவுவது ஐயரின் முறை. 1885இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரசு மாநாட்டில், இந்திய ஆட்சிமுறையை ஆராய அரச ஆணையம் அமைக்கக் கோரும் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் அவரே. அதற்கு முந்தைய ஆண்டில் சென்னை மகாஜன சபையைத் தோற்றுவித்தவர்களுள்ளும் அவர் ஒருவர். 1897இல் இந்தியச் செலவினங்களை ஆராய்ந்த வெல்பி ஆணையத்தின் முன் இலண்டனில் சாட்சியம் அளித்தார். பிரித்தானிய ஆட்சியின் பொருளாதாரக் கூறுகள் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் 1903இல் வெளிவந்தது. உணர்ச்சியைவிடக் கணக்கை நம்பிய எழுத்து அவருடையது.

இதழாசிரியரே அரசியல் இயக்கத்தின் அமைப்பாளராகவும் இருப்பது இன்றைய இதழியல் அறத்துக்கு முரணாகத் தோன்றலாம். சட்டமன்றங்களில் மக்கள் பிரதிநிதிகள் இல்லாத காலத்தில் இதழே மன்றத்தின் பணியையும் ஆற்ற வேண்டியிருந்தது என்பதை மனத்திற்கொண்டே இதனை மதிப்பிடல் வேண்டும்.

வாசகர் விதித்த தடை

அரசை எதிர்ப்பதால் இதழின் மதிப்பு உயர்ந்தது; வாசகரை எதிர்த்தபோது அது சரியத் தொடங்கியது. ஐயர் சமூகச் சீர்திருத்தத்தில் உறுதியான பற்றுடையவர். குழந்தை மணத்தையும் கைம்பெண்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளையும் கண்டித்து எழுதினார். பெண்ணின் ஒப்புதல் வயதை உயர்த்திய 1891ஆம் ஆண்டுச் சட்டம் பற்றிய விவாதத்திலும் சீர்திருத்தத் தரப்பிலேயே நின்றார்.

எழுதியதை இல்லத்தில் செய்துகாட்ட வேண்டிய நிலையும் அவருக்கு வந்தது. அவருடைய மூத்த மகள் இளம் வயதிலேயே கணவனை இழந்தார். 1889ஆம் ஆண்டு இறுதியில் பம்பாயில் காங்கிரசு மாநாடு கூடிய காலத்தில், அந்நகரிலேயே மகளுக்கு மறுமணம் செய்துவைத்தார் ஐயர். உறவினரும் சாதியினரும் அவரை விலக்கினர். மறுமணத்தை ஆதரித்து எழுதுவோர் அக்காலத்தில் சிலர் இருந்தனர். அதனைத் தம் குடும்பத்திலேயே நடத்தியோர் மிகச் சிலரே.

'தி இந்து'வின் வாசகர்கள் யார் என்பதை இங்கு எண்ணிப்பார்க்க வேண்டும். ஆங்கிலம் கற்ற உயர்சாதியினர், வழக்குரைஞர், அலுவலர், நிலவுடைமையாளர் ஆகியோரே அதன் சந்தாதாரர்கள். அரசைக் கண்டித்த தலையங்கத்தை வரவேற்ற அவர்கள், தம் இல்லத்து வழக்கங்களைக் கண்டித்த தலையங்கத்தை வரவேற்கவில்லை. சீர்திருத்தக் கட்டுரைகளின் கடுமை இதழின் வருவாயைப் பாதிப்பதாகக் கருதிய வீரராகவாச்சாரியாருக்கும் ஐயருக்கும் இடையே வேறுபாடு வளர்ந்தது. கடன்சுமையும் அதனோடு சேர்ந்தது. 1898இல் கூட்டு முறிந்தது; இருபது ஆண்டுகள் ஆசிரியராக இருந்த இதழைவிட்டு ஐயர் விலகினார். இதழ் வீரராகவாச்சாரியார் பொறுப்பில் தொடர்ந்து, 1905இல் எஸ். கஸ்தூரிரங்க ஐயங்கார் கைக்கு மாறியது.

இதழ்ச் சுதந்திரம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அரசையே தடையாகக் காண்கின்றன. ஐயரின் முதல் இருபது ஆண்டுகள் வேறொரு தடையைக் காட்டுகின்றன. வாசகரின் விருப்பத்துக்கு மாறாக எழுதும் உரிமை எந்தச் சட்டத்தாலும் மறுக்கப்படவில்லை. சந்தா நின்றதால் மறுக்கப்பட்டது. ஒரு தரப்பின் நம்பிக்கையைப் பெற்ற இதழ், அத்தரப்பின் குறையைச் சொல்லும்போதுதான் அந்நம்பிக்கையின் ஆழம் வெளிப்படுகிறது.

'சுதேசமித்திரன்': புதிய வாசகர், புதிய உரைநடை

ஐயர் 1882இலேயே 'சுதேசமித்திரன்' என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கியிருந்தார். ஆங்கிலம் அறியாதோர்க்கும் அரசியல் செய்திகள் சென்று சேர வேண்டும் என்னும் நோக்கில் தோன்றிய அவ்விதழ், நெடுங்காலம் 'தி இந்து'வின் நிழலிலேயே இருந்தது. 1898இல் ஆங்கில இதழை இழந்தபின் ஐயரின் முழுக்கவனமும் தமிழ் இதழின்மேல் திரும்பியது. 1899இல் அது நாளிதழாயிற்று. தமிழ் நாளிதழ் வரலாறு அதிலிருந்து தொடங்குவதாகக் கொள்வது மரபு.

அன்றாடம் தமிழில் செய்தி எழுதுவது அதற்குமுன் எவரும் தொடர்ந்து செய்திராத பணி. தந்தியில் வரும் ஆங்கிலச் செய்தியை அன்று மாலைக்குள் தமிழாக்க வேண்டும். நாடாளுமன்ற விவாதம், வரவுசெலவுத் திட்டம், போர் நடவடிக்கை, நிலவரிக் கொள்கை ஆகியவற்றைச் சொல்லத் தமிழில் நிலைத்த சொற்கள் இல்லை. புலவர் நடையில் எழுதினால் கடைத்தெருவில் படிப்பவர்க்கு விளங்காது. பேச்சு நடையில் எழுதினால் பொருளின் துல்லியம் கெடும். வடசொற்களும் ஆங்கிலச் சொற்களும் விரவிய ஓர் இடைநிலை நடையே 'சுதேசமித்திர'னில் உருவாயிற்று. இலக்கிய நயம் கருதுவோர்க்கு அந்நடை கரடுமுரடாகத் தோன்றலாம். ஆனால் ஆட்சி, வரி, வாணிகம் பற்றிய வாதங்களை நாள்தோறும் தமிழில் நிகழ்த்த இயலும் என்பதை நிறுவியது அதுவே. தமிழ் உரைநடை வரலாற்றை நாவல், சிறுகதைகளின் வழியாக மட்டும் எழுதும் போக்கில் இப்பங்களிப்பு உரிய கவனம் பெறவில்லை.

1904 நவம்பரில், மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்த சி. சுப்பிரமணிய பாரதி உதவியாசிரியராகச் 'சுதேசமித்திர'னில் சேர்ந்தார். தந்திச் செய்திகளை மொழிபெயர்ப்பது அவருடைய முதன்மைப் பணி. ரஷ்ய–ஜப்பானியப் போரும் 1905ஆம் ஆண்டு வங்கப் பிரிவினையும் செய்திப் பசியைத் தூண்டிய காலம் அது. அன்றன்றைக்கு முடிக்க வேண்டிய மொழிபெயர்ப்புப் பயிற்சி பாரதியின் உரைநடையில் காணப்படும் சுருக்கத்துக்கும் விரைவுக்கும் அடித்தளமிட்டது எனலாம். ஐயரின் நிதானம் தம் வேகத்துக்குப் போதாமையால், 1906இல் தொடங்கிய 'இந்தியா' வார இதழுக்குப் பாரதி பொறுப்பேற்றார். ஐயரும் நின்ற இடத்திலேயே நிற்கவில்லை. மிதவாத அரசியலில் வளர்ந்த அவர், வங்கப் பிரிவினைக்குப் பின் சுதேசி இயக்கத்தின் தீவிர ஆதரவாளரானார். 1906இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தோற்றுவித்த சுதேசிக் கப்பல் கம்பெனிக்குச் 'சுதேசமித்திரன்' துணைநின்றது.

1908: ஒரே எழுத்தாளர், இரு மொழிகள்

அரசுத்துரோகம் பற்றிய 124ஏ பிரிவு 1870இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 1897இல் திலகர்மீது தொடுக்கப்பட்ட வழக்குக்குப் பின், 1898இல் அதன் பொருள் விரிவாக்கப்பட்டது. வகுப்பினரிடையே பகை வளர்த்தல் பற்றிய 153ஏ பிரிவும் அவ்வாண்டே சேர்ந்தது. ஐயர் ஆங்கில இதழைவிட்டுத் தமிழ் இதழுக்கு முழுமையாக வந்த ஆண்டும் அதுவே.

1908ஆம் ஆண்டு நிகழ்வுகள் விரைந்து நடந்தன. மார்ச்சில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் சிறைப்பட்டதைத் தொடர்ந்து திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் மக்கள் எழுச்சி மூண்டது. சூனில் வன்முறையைத் தூண்டும் இதழ்களின் அச்சகங்களைப் பறிமுதல் செய்யும் புதிய சட்டம் வந்தது. சூலையில் வ.உ.சி.க்கு இரட்டை வாழ்நாள் தண்டனையும், திலகருக்கு ஆறாண்டு நாடுகடத்தலும் விதிக்கப்பட்டன. ஆகஸ்டில் 'சுதேசமித்திரன்' கட்டுரைகளுக்காக ஐயர் அரசுத்துரோகக் குற்றச்சாட்டில் கைதுசெய்யப்பட்டார். 'இந்தியா' இதழின் பொறுப்பாளராகப் பதிவுபெற்றிருந்த எம். சீனிவாசனும் கைதாகித் தண்டனை பெற்றார். அதன் உண்மையான ஆசிரியரான பாரதி புதுச்சேரிக்குச் சென்றார்.

ஐயருக்கு அப்போது வயது 53. உடல்நலமும் குன்றியிருந்தது. இனி அத்தகைய எழுத்துகளை வெளியிடுவதில்லை என்னும் உறுதியை அளித்ததன்பேரில் அவர் விடுவிக்கப்பட்டார்; வழக்கு மேலே தொடரப்படவில்லை. அதன்பின் 'சுதேசமித்திரன்' வெளிவந்தது. ஆயினும் அதன் பழைய கூர்மை மங்கியது.

இந்நிகழ்வை மதிப்பிடுவதில் இரு போக்குகள் உள்ளன. ஒன்று, அவருடைய புகழுக்குக் குறை நேராதபடி இவ்வுறுதிமொழியை விட்டுவிடுவது. மற்றொன்று, வ.உ.சி., சிவா ஆகியோரின் சிறைவாழ்வோடு ஒப்பிட்டு அவரைத் தாழ்த்துவது. இரண்டும் இதழின் இயல்பைக் கருதவில்லை. இதழாசிரியர் சிறை செல்லும்போது அச்சகமும், அதனைச் சார்ந்து பிழைக்கும் தொழிலாளரும், நாள்தோறும் இதழை எதிர்பார்க்கும் வாசகரும் அத்தண்டனையில் பங்குபெறுகின்றனர். உறுதி அளித்தால் இதழ் பிழைக்கும், ஆனால் ஆசிரியரின் குரல் போய்விடும். மறுத்தால் குரலின் மதிப்பு நிலைக்கும், இதழ் அழியக்கூடும். நோயுற்ற ஐயர் முன்னதைத் தேர்ந்தார். அதற்குரிய விலையைத் தம் நம்பகத்தன்மையால் செலுத்தினார். பணிந்தது உண்மை. பணியவைத்த அமைப்பின் வலிமையும் உண்மையே.

இங்கு ஒரு கேள்வி எழுகிறது. 1878 முதல் 1898 வரை அரசைக் கடுமையாகக் கண்டித்து ஆங்கிலத்தில் எழுதியபோது ஐயர்மீது அரசுத்துரோக வழக்கு தொடரப்படவில்லை. தமிழில் எழுதியபோது தொடரப்பட்டது. இதற்கு மொழி ஒன்றே காரணம் என்று கூறுவது வரலாற்றை எளிமைப்படுத்துவதாகும். 1908ஆம் ஆண்டின் அரசியல் சூழல் 1880களின் சூழலைவிடக் கொந்தளிப்பானது, ஐயரின் நிலைப்பாடும் மிதவாதத்திலிருந்து நகர்ந்திருந்தது, சட்டமும் விரிந்திருந்தது. இவற்றையெல்லாம் கழித்தபின்னும் மொழியின் பங்கு எஞ்சுகிறது. ஆங்கில இதழின் வாசகர் அரசு அறிந்த வட்டத்தினர். விண்ணப்பம், தீர்மானம் என்னும் எல்லைக்குள் நிற்பவர். தமிழ் இதழை ஒருவர் படிக்கப் பலர் கேட்டனர். அதன் வாசகர் எண்ணிக்கையை விற்பனைப் படிகளைக் கொண்டு அளக்க இயலாது. தூத்துக்குடியில் வேலைநிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளரும், கடையடைத்த வணிகரும் தமிழ்ப் பேச்சையும் தமிழ் எழுத்தையும் கேட்டு எழுந்தவர்கள். 1878ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாகச் செய்த மொழிப் பாகுபாட்டை, அனைத்து மொழிகளுக்கும் பொதுவான 124ஏ பிரிவு நடைமுறையில் செய்துமுடித்தது.

சார்பின் எல்லை

ஐயரின் இதழ்கள் நாட்டு மக்கள் அனைவர்க்காகவும் பேசுவதாகக் கொண்டன. அவ்வுரிமையை ஏற்காத குரல்களும் அவர் காலத்துச் சென்னையிலேயே அச்சில் ஒலித்தன. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். சுதேசி இயக்கம் உச்சத்தில் இருந்த 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழை வெளியிட்டார். சுதேசியம் பேசுவோர் சாதிக் கொடுமையைக் காணாது இருப்பதை அவ்விதழ் இடைவிடாது வினவியது. அரசின் சார்பைச் சுட்டிய இதழ்களின் சார்பைச் சுட்டும் இதழ்களும் தோன்றிவிட்டன என்பதை இது காட்டுகிறது.

சமூகச் சீர்திருத்தத்துக்காக இழப்பை ஏற்ற ஐயரின் நேர்மையை இது குறைப்பதில்லை. எனினும் அவர் இதழ்களின் சீர்திருத்தம் பெரிதும் உயர்சாதி இல்லங்களின் பெண்கல்வி, மணவயது, மறுமணம் ஆகியவற்றை மையமிட்டது. நிலமும் கூலியும் கிணறும் பற்றிய கேள்விகள் வேறு இதழ்களிலேயே மையம் பெற்றன. ஒரு காலத்தின் செய்தியை ஓரிதழைக் கொண்டு அறிய முற்படும் ஆய்வாளர் இவ்வெல்லையை மறக்கலாகாது.

இறுதி ஆண்டுகள்

1910ஆம் ஆண்டு இதழ்ச் சட்டம் அச்சகங்களிடம் பிணைத்தொகை கேட்கவும் அதனைப் பறிமுதல் செய்யவும் வழிவகுத்தது. கொடிய தோல்நோயால் துன்புற்ற ஐயருக்கு எழுத்து வரவர இயலாததாயிற்று. 1915இல் 'சுதேசமித்திரன்' ஏ. ரங்கசாமி ஐயங்கார் பொறுப்புக்கு மாறியது. தென்னாப்பிரிக்க இந்தியரின் துன்பத்தை எடுத்துரைக்க 1896இல் சென்னை வந்த காந்தியடிகளுக்கு அனுதாபத்துடன் துணைநின்றவர் ஐயர். தாயகம் திரும்பி 1915இல் மீண்டும் சென்னை வந்தபோது, நோயுற்றிருந்த அவரைக் காந்தியடிகள் நேரில் கண்டு ஆறுதல் கூறியதாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவர். 1916 ஏப்ரல் 18ஆம் நாள் ஐயர் மறைந்தார்.

புதுச்சேரியிலிருந்து மீண்ட பாரதி 1920இல் 'சுதேசமித்திர'னிலேயே மீண்டும் உதவியாசிரியராகச் சேர்ந்து, 1921இல் மறையும்வரை எழுதினார். 1908இல் உறுதிமொழி கொடுத்து ஐயர் காத்த இதழே பாரதியின் இறுதிக்காலக் கட்டுரைகளுக்கு இடமளித்தது என்பது, அவ்வுறுதிமொழியை மதிப்பிடுவோர் கருதவேண்டிய செய்தி.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. ஜி. சுப்பிரமணிய ஐயரின் இதழ்கள் நடுநிலையைக் காட்டி நம்பிக்கை பெறவில்லை. தம் சார்பை வெளிப்படுத்தி, அரசின் ஆவணங்களைக் கொண்டே அரசை வினவியதால் நம்பிக்கை பெற்றன.

2. அவர் எதிர்கொண்ட முதல் தடை அரசால் வந்ததன்று. சமூகச் சீர்திருத்தக் கருத்துகளை ஏற்காத வாசகர் தரப்பே 1898இல் அவரை ஆங்கில இதழிலிருந்து விலக்கியதில் பெரும்பங்கு வகித்தது.

3. ஆங்கிலத்தில் பொறுக்கப்பட்ட கண்டனம் தமிழில் குற்றமாக்கப்பட்டது. காலமும் நிலைப்பாடும் மாறியிருந்ததை ஏற்றுக்கொண்டாலும், தமிழ் வாசகரைப் பற்றிய அரசின் அச்சம் இதில் வினைபுரிந்தது.

4. அவ்விதழ்களின் குரல் அனைவரின் குரலாக அமையவில்லை என்பதை 'பறையன்', 'ஒரு பைசாத் தமிழன்' முதலிய சமகால இதழ்களோடு ஒப்புநோக்கியே முழுமையாக அறியமுடியும்.

அரசு தொகுத்த மொழிபெயர்ப்பு அறிக்கைகளைக் கிடைக்கும் மூல இதழ்களோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிடும் ஆய்வு இத்துறையில் விரிவாக மேற்கொள்ளப்பட வேண்டும். ஐயர்மீது சாட்டப்பட்ட குற்றம் அவர் எழுதிய தமிழில் இருந்ததா, அத்தமிழைப் பெயர்த்த ஆங்கிலத்தில் இருந்ததா என்னும் வினாவுக்கு அவ்வாய்வே விடை தரும்.